ரெண்டு சானல் ஆம்ப்: பிரிட்ஜ் போடுவதா, தனித்தனியாக ஓட்டுவதா?

மச்சானின் வேகன்ஆர் டிக்கியில் இரண்டு 12 இஞ்ச் சப்வூஃபர்களையும் (பேஸ் ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) ஒரு இரண்டு சானல் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபயர்) ஏற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. "பிரிட்ஜ் போட்டுட்டா டபுள் பவர் வரும்னு கடைக்காரர் சொன்னாரு மாப்ள" என்றார். நானும் தலையாட்டினேன், அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தவரை எல்லாம் நன்றாக இருந்தது. கொஞ்சம் ஏற்றியதும் பாட்டு சட்டென்று நின்றது, ஆம்பில் பச்சையாக எரிந்த லைட் சிவப்பானது (ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது என்று அர்த்தம்), சில வினாடி கழித்துத் தானாகவே திரும்ப வந்தது, அடுத்த அடி விழுந்ததும் மறுபடி நின்றது. "பேட்டரி வீக்" என்றார்கள். புது பேட்டரி போட்டோம். அதே சிவப்பு லைட். கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து சப் வயரில் வைத்துப் பார்த்தால் 1.7 ஓம் காட்டுகிறது (ஓம் என்பது கரண்டுக்கு இருக்கும் தடையின் அளவு). பேட்டரிக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

இந்தக் கட்டுரை முழுக்க அந்த 1.7 ஓமைப் பற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

நாலு திருகு, ஒரு காயில்

இரண்டு சானல் ஆம்பின் ஒரு பக்கத்தில் ஸ்பீக்கர் வயருக்கென்று நாலு திருகு இருக்கும்: இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ். இடது ஜோடியில் ஒரு ஸ்பீக்கர், வலது ஜோடியில் ஒரு ஸ்பீக்கர் என்று மாட்டினால் அது தனித்தனியாக ஓட்டுவது, ஸ்டீரியோ. ஒரே ஒரு ஸ்பீக்கரை எடுத்து, அதன் ஒரு முனையை இடது சானலிலும் மறுமுனையை வலது சானலிலும் மாட்டினால் அது பிரிட்ஜ். (போனில் பேசும்போது பால் வைக்கிற ஃபிரிட்ஜ் என்று நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு. இது பாலம்.)

இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மரம் அறுக்கும் ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளிக்கொடுப்பார். பிரிட்ஜில் இரண்டு சானலும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஒன்று பிளஸ் பக்கம் 17 வோல்ட் ஏறும்போது மற்றது மைனஸ் பக்கம் 17 வோல்ட் இறங்கும், ஆக ஸ்பீக்கரின் இரு முனைக்கும் நடுவே 34 வோல்ட். வோல்டேஜ் இரட்டித்தால் அதே ஸ்பீக்கரில் கரண்டும் இரட்டிக்கும், பவர் நாலு மடங்கு. கணக்குப்படி.

இதுவரை கேட்டதும் பலர் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். மீதியையும் கேளுங்கள். அந்த சப்பின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) நட்டநடுவில் ஒரு புள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பிளஸ் 17, மறுமுனையில் மைனஸ் 17 என்றால் அந்த நடுப்புள்ளியில் வோல்டேஜ் பூஜ்யம். அப்படியானால் இடது சானல் சுமப்பது பாதிக் காயிலைத்தான், மீதிப் பாதியை வலது சானல் சுமக்கிறது. 4 ஓம் சப்பைப் பிரிட்ஜில் போட்டால் ஒவ்வொரு சானலும் பார்ப்பது 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும், குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்ட மாதிரி கரண்ட் பாயும். எந்த ஓமைப் பிரிட்ஜில் போட்டாலும் அதைப் பாதியாக்கி, அந்தப் பாதியை ஒரு சானல் தாங்குமா என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் கடைக்காரர் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள்.

அட்டைப்பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 1000 வாட், 1500 வாட் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மேனுவலில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) என்று இருக்கும் வரியைத் தேடுங்கள், அதுவும் 14.4 வோல்ட்டில், 1 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அளந்தது என்று எழுதியிருந்தால் நம்பலாம். ஒரு நடுத்தர ஆம்பில் இப்படி மூன்று வரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: 4 ஓமில் சானலுக்கு 75 வாட், 2 ஓமில் சானலுக்கு 110 வாட், பிரிட்ஜில் 4 ஓமில் 220 வாட்.

கடைசி இரண்டு வரியைச் சேர்த்துப் பாருங்கள். 110 இரண்டு தடவை, 220. பிரிட்ஜ் எண் வானத்திலிருந்து குதிக்கவில்லை, இரண்டு சானலும் ஆளுக்கு 2 ஓம் சுமந்தால் என்ன தருமோ அதே பவர்தான் ஒரே வயர் ஜோடியில் வருகிறது. நாலு மடங்கு என்ற கணக்குப்படி 300 வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், அவ்வளவு கரண்ட் இழுக்கும்போது ஆம்புக்குள் இருக்கும் பவர் சப்ளை கொஞ்சம் இறங்கிவிடுகிறது. இந்த இரட்டைக் கணக்கு உங்கள் ஆம்பின் மேனுவலில் ரொம்பவே இடித்தால் எனக்கென்னவோ அந்த எண்களின் மேல் சந்தேகம்தான் வரும். 2 ஓம் வரியே இல்லை, பிரிட்ஜ் வரியும் இல்லை என்றால் அந்த ஆம்பைப் பிரிட்ஜ் போடாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, 75 வாட் 220 வாட் ஆவதால் சத்தம் மூன்று மடங்கு ஆகாது. கூடுவது 4.7 டெசிபல் அளவுக்கு. நன்றாகவே தெரியும், ஆனால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபல் அளவுக்குக் கூட வேண்டும். நல்ல பாக்ஸ் அடித்தாலே இதில் பாதி கிடைத்துவிடும் சில நேரம்.

உங்களிடம் என்ன சப் இருக்கிறது?

முதல் வேலை, மல்டிமீட்டரை ஓம் அளவுக்குத் திருப்பி சப்பின் முனைகளில் வைப்பது. ஆம்பில் மாட்டாமல் அளக்க வேண்டும். 4 ஓம் சப் மீட்டரில் சரியாக 4 காட்டாது, 3.2 முதல் 3.7 வரை ஏதாவது காட்டும், பயப்பட வேண்டாம், டிசி ரெசிஸ்டன்ஸ் எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

ஒரே காயில், 4 ஓம், ஒரே ஒரு சப்: பிரிட்ஜ் உங்களுக்காகவே இருக்கிறது. சானலுக்கு 2 ஓம், ஆம்ப் தாங்கும், 220 வாட் வரும். சப் 200 முதல் 250 ஆர்எம்எஸ் தாங்குவதாக இருந்தால் ஜோடிப்பொருத்தம்.

இரட்டை வாய்ஸ் காயில் சப் என்றால் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். 2+2 ஓம் சப்பின் காயில்களை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோர்த்தால் 4 ஓம், பிரிட்ஜுக்குக் கச்சிதம். 4+4 ஓம் சப்பை சீரிஸில் கோர்த்தால் 8 ஓம், பேரலலில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) 2 ஓம். அந்த 2 ஓமைப் பிரிட்ஜில் போட்டால் சானலுக்கு 1 ஓம், சிவப்பு லைட். 8 ஓமைப் பிரிட்ஜில் போட்டால் சானலுக்கு 4 ஓம், அதாவது 75ம் 75ம் சேர்ந்து 150 வாட், பத்திரமாக ஓடும். "4+4 தான் உயர்ந்தது, இதையே எடுத்துக்கோங்க" என்று கையில் திணிப்பார்கள். உங்களிடம் இருப்பது இரண்டு சானல் ஆம்ப் என்றால் 2+2 கேளுங்கள்.

மச்சானின் கேஸ் இரண்டு 4 ஓம் சப். இரண்டையும் பேரலலில் சேர்த்து 2 ஓமாக்கி, அதைப் பிரிட்ஜில் போட்டோம், சானலுக்கு 1 ஓம். அந்த ஆம்பின் மேனுவலில் 1 ஓம் என்ற வார்த்தையே கிடையாது. சரி, சீரிஸில் கோர்த்து 8 ஓமாக்கிப் பிரிட்ஜில் போட்டால்? 150 வாட், ஆளுக்கு 75. அதற்குப் பதில் பிரிட்ஜே வேண்டாம், சானலுக்கு ஒரு சப் என்று மாட்டினால்? ஆளுக்கு 75. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆக இரண்டு 4 ஓம் சப் வைத்திருப்பவருக்கு இந்த மாதிரி ஆம்பில் பிரிட்ஜால் ஒரு பைசா லாபமில்லை, தனித்தனியாக மாட்டிவிட்டுப் போகலாம்.

டோர் ஸ்பீக்கருக்கு ஆம்ப் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தனித்தனிதான். பிரிட்ஜில் இடதும் வலதும் கூடி மோனோ ஆகிவிடும், நாதஸ்வரம் இந்தப் பக்கம், தவில் அந்தப் பக்கம் என்ற பிரிவெல்லாம் போய்விடும். சப்புக்கு அது பரவாயில்லை, ஏனென்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது, பாட்டுகளிலும் பேஸ் பெரும்பாலும் நடுவில்தான் கலக்கப்பட்டிருக்கும்.

தொடக்கூடாத மூன்று

டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ செட்டின் சொந்த ஸ்பீக்கர் வயர்களைப் பிரிட்ஜ் போட முயலாதீர்கள். அதற்குள் இருக்கும் சின்ன ஆம்ப் ஐசி ஏற்கனவே உள்ளுக்குள் பிரிட்ஜாகத்தான் இருக்கிறது, 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு பவர் எடுக்க அதற்கு வேறு வழியில்லை. 14.4 வோல்ட்டில் 4 ஓமுக்கு அப்படி எடுக்கக்கூடியது அதிகபட்சம் 26 வாட்தான், செட்டின் முகப்பில் 50×4 என்று எழுதியிருந்தாலும். அதன் இரண்டு சானல் வயர்களைச் சேர்த்தால் செட் போய்விடும்.

மோனோபிளாக் ஆம்பில் இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ் திருகு இருப்பதைப் பார்த்து இதுவும் இரண்டு சானல் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஒரே சானல், இரண்டு சப் மாட்ட வசதியாக உள்ளே பேரலலில் சேர்த்து வெளியே இரட்டையாக விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, பிரிட்ஜில் இருக்கும் சப்பின் இரண்டு வயரிலும் வோல்டேஜ் இருக்கும். "மைனஸ்தானே" என்று ஒன்றைக் கார் பாடியில் தொட விடாதீர்கள்.

மாட்டும் வேலை

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பேட்டரி பிளஸிலிருந்து வரும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வைக்க வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, நடுவழியில் வயர் உரசி பாடியில் பட்டால் கார் எரியாமல் இருக்க. 220 வாட் வெளியே தர கிளாஸ் ஏபி என்ற வகை ஆம்ப் உள்ளே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாங்கும், 30 ஆம்பியருக்கு மேலே. அதற்கு 8 கேஜ் அசல் செம்பு வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போதும். ஆனால் கடையில் "ஃபுல் காப்பர்" என்று கொடுப்பதை ஒரு பிளேடால் சுரண்டிப் பாருங்கள், ஒரே ஒரு இழையை விரலில் பிடித்து மெதுவாகச் சீவினால் செம்பு நிறம் உள்வரை இருந்தால் செம்பு, மேல் தோல் போனதும் வெள்ளி மாதிரி மின்னினால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம்தான் கிடைக்கிறது என்றால் இன்னும் தடித்த 4 கேஜுக்குப் போய்விடுங்கள்.

வயர் பானட்டிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். பவர் வயரை ஒரு பக்க வாசற்படி ஓரமாகவும், செட்டிலிருந்து பாட்டுச் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளை மறுபக்கமாகவும் கொண்டுபோனால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கரில் "ஙீ..." என்று கூடவே ஏறும் சத்தம் பெரும்பாலும் வராது.

எர்த்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். பெயிண்ட் மேல் திருகி விட்டால் எர்த் ஆகாது. டிக்கியில் பாடியோடு சேர்ந்த தடித்த தகடாகப் பார்த்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து வெறும் இரும்பு தெரிந்தபின், வயர் முனையில் நன்றாக நசுக்கிய லக் (உலோக வளையம்) வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள், மேலே கொஞ்சம் கிரீஸோ பெயிண்டோ தடவினால் துரு பிடிக்காது. எர்த் வயர் பவர் வயர் தடிமனே இருக்க வேண்டும், நீளம் அரை மீட்டருக்குள். கீழே பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் டிரில் போடாதீர்கள்.

ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் செட்டின் நீலம்-வெள்ளை வயரிலிருந்து வரும்.

இனி சப் வயர். ஆம்பின் மேல் பிரிட்ஜுக்கு எந்த இரண்டு திருகு என்று கோடு போட்டு அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் இடது பிளஸும் வலது மைனஸும், ஆனால் எல்லா ஆம்பிலும் அதுவே என்று நம்பி மாட்ட வேண்டாம், கோட்டைப் பார்த்து மாட்டுங்கள். மீதி இரண்டு திருகும் காலியாக இருக்க வேண்டும். ஆர்சிஏ இரண்டையும் குத்துங்கள். சில ஆம்பில் மோனோ சுவிட்ச் இருக்கும், அதில் ஒரு ஆர்சிஏ போதும் என்று மேனுவல் சொன்னால் போதும். அப்படிச் சொல்லாத ஆம்பில் ஒன்றை மட்டும் குத்தினால் ஒரு சானல் மட்டும் இழுக்கும், மற்றது சும்மா நிற்கும், வோல்டேஜ் பாதி, பவர் கால்வாசி. "பிரிட்ஜ் போட்டும் சத்தமே இல்லை" என்று புலம்புகிறவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கெயினை வால்யூமாக நினைக்காதீர்கள்

பிரிட்ஜ் சப்புக்கு ஃபில்டரை எல்பிஎஃப்பில் (கீழ் ஒலியை மட்டும் விடுவது) வைத்து 80 ஹெர்ட்ஸ். ஸ்டீரியோ டோர் ஸ்பீக்கருக்கு எச்பிஎஃப்பில் (மேல் ஒலியை மட்டும் விடுவது) வைத்து அதே 80. பேஸ் பூஸ்ட் பூஜ்யம், செட்டில் லௌட்னஸ் ஆஃப், ஈக்வலைசர் எல்லாம் நடுவில்.

கெயின் என்பது செட்டின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பை ஒத்துவைக்கும் திருகு. அதை மீட்டர் வைத்துத்தான் பிடிக்க வேண்டும், காதை நம்பினால் ஏறிக்கொண்டே போகும். வேண்டிய வோல்டேஜ் எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம். பிரிட்ஜில் 220ஐ 4ஆல் பெருக்கினால் 880, வர்க்கமூலம் 29.7 வோல்ட். தனித்தனியாக 4 ஓமில் 75 என்றால் 300, வர்க்கமூலம் 17.3 வோல்ட். சப் வயரைக் கழற்றிவிட்டு, கெயினை முழுக்கக் குறைத்து, வெட்டவெளியில் என்ஜினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை 0 டெசிபல் ஃபைலாக போட்டு, செட்டின் வால்யூமை முக்கால்வாசிக்கு (40 வரை போகும் செட்டில் 30) ஏற்றுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பிரிட்ஜ் திருகு இரண்டிலும் பிடித்தபடி கெயினை எறும்பு நகர்கிற மாதிரி திருப்புங்கள், 29.7 வந்ததும் நிறுத்துங்கள். நம் வீட்டுக் கரண்டும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் முந்நூறு ரூபாய் மீட்டர்கூட இந்த இடத்தில் சரியாகவே காட்டும்.

அதற்கு மேல் ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும், சப்பின் காயில் சூடேறும், ஒரு தீய்ந்த வாடை வரும். அந்த வாடை வந்த சப் பிறகு பழைய சப்பாக இருப்பதில்லை.

ஓட ஆரம்பித்தபின்

இருபது நிமிடம் கேட்கிற சத்தத்தில் ஓடவிட்டு ஆம்பின் உடம்பில் கை வையுங்கள். வெதுவெதுப்பு, கொஞ்சம் சூடு எல்லாம் சரி. மூன்று வினாடிகூடக் கை வைக்க முடியவில்லை என்றால் ஓமை மறுபடி அளங்கள். சப்பைத் தனித்தனியாக ஓட்டியபோது சமாளித்த இடம், உதாரணமாக சீட்டுக்கு அடியில் கார்ப்பெட் மூடிய மூலை, பிரிட்ஜுக்குப் பத்தாமல் போகலாம், மே மாத வெயிலில் நிறுத்திய காரில் ஆம்ப் ஆரம்பிக்கும்போதே கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

பேஸ் அடித்தால் மட்டும் சிவப்பு லைட் வந்து போகிறது என்றால் ஓம் குறைவு, இல்லாவிட்டால் எர்த்தோ பவர் வயரோ சரியில்லை. அதைப் பிரித்தறிய, அடிக்கும்போது ஆம்பின் பவர் திருகிலேயே மீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள், என்ஜின் ஓடும்போது 12க்கும் கீழே விழுந்தால் வயரைப் பாருங்கள், விழாமல் சிவப்பு வந்தால் ஓமைப் பாருங்கள். சப்பைக் கழற்றியபின்னும் சிவப்பு போகவில்லை என்றால் ஆம்பே போயிருக்கலாம்.

மச்சான் கடைசியில் ஒரு சப்பை விற்றுவிட்டார், டிக்கியில் ஒரு பெட்டிக்கும் இடம் கிடைத்தது. மிஞ்சிய ஒன்று பிரிட்ஜில் ஓடுகிறது, சானலுக்கு 2 ஓம், இரண்டு கோடையைத் தாண்டிவிட்டது. நாலு சானல் ஆம்ப் வாங்கலாமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டு சானலில் முன் டோர்கள் தனித்தனியாக, மூன்றும் நாலும் பிரிட்ஜாக சப்புக்கு. வாங்கலாம் என்றேன், கடைக்குப் போகும்போது மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.